ரேடியோ அண்ணன் பேசாமல் இருந்த காலை

எங்கள் ஆய்வகத்து ஆட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை, வைத்தவர் ஞானி. முன்பு பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றியவர். கொட்டகைக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டை ஓய்வு பெறவில்லை. சட்டைப்பையில் மக்காச்சோளம் கலகலக்க, "எந்திரிங்க மகாராணி, வண்டி கிளம்பப் போகுது" என்றபடிதான் நுழைவார். சோளம் அன்றைய ஆய்வு வேலை முடிந்த பிறகுதான் கிடைக்கும். ஆனாலும் மகாராணி என்கிற அந்தப் பெட்டை ஆடு தடுப்பை உதைத்துக்கொண்டு துள்ளும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதை வைத்துக் கிடைத்த வேலை இது. மயக்க வாயுவைச் சுவாசித்தால் ஆட்டின் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்கள் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று பார்க்கிறோம். வாயு கொடுக்கும் முன்பும் பின்பும் ரத்தம் எடுத்து அளப்போம். மகாராணிக்கு மட்டும் வாயு கொடுக்கும் முன்பே அவை எக்கச்சக்கம்.

"இதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. ஆய்வுல இருந்து எடுத்துட்டு சந்தைக்கு அனுப்பிடலாம்," என்றார் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா. ஆய்வை முடிக்கிற ஆடுகள்தான் கொட்டகையிலேயே தங்கும்.

ரேடியோ அண்ணன் முகம் சுண்டிப்போனது.

நான் படித்ததை எடுத்துவிட்டேன். ஆடு பரபரப்பானால் மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டிவிடும். "அண்ணே, காரணம் நீங்கதான். நாளைக்கு இந்தப் பக்கமே வராதீங்க."

வரவில்லை. மகாராணி வாசலைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது. அளவு இன்னும் ஏறியது. டாக்டரம்மா பார்த்த பார்வையில் என் பட்டமும் கொஞ்சம் சுருங்கியது. "இன்னும் ஒரே ஒரு தடவ. அதுக்கு மேல இல்ல."

"வந்தாலும் குத்தம், வராட்டியும் குத்தமா? என் மாமியார் வீட்டுலகூட இப்படி இல்லப்பா," என்றார் அண்ணன்.

"வாங்கண்ணே. ஆனா பேசக் கூடாது, சோளமும் கூடாது. சும்மா பக்கத்துல உக்காருங்க."

கொட்டகை கூட்டுகிற அவர் மனைவி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "தூக்கத்துலயே பேசுற மனுஷன் தம்பி. வேற வழி இருந்தா பாருங்க."

மறுநாள் அண்ணன் சாக்கை விரித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகாராணி சந்தேகமாக மோந்து, காலிப் பையைத் துழாவிப் பார்த்தது. பிறகு அவர் தொடையில் தாடையை வைத்துப் படுத்து அசைபோட ஆரம்பித்தது. நான் ஊசி குத்தியபோதும் நிறுத்தவில்லை.

அளவு மற்ற ஆடுகளோடு சரியாக வந்து நின்றது. முகமூடி வைத்து வாயுவைத் திறந்தோம். ஆடு தூங்க, மண்ணீரல் தளர்ந்து சிவப்பணுக்களை உள்ளே வாங்கிக்கொண்டது; ரத்தத்தில் அவை இறங்கின.

"இது இருக்கட்டும்," என்றார் டாக்டரம்மா.

அண்ணன் கண் கலங்கியது. ஆனாலும் பேசவில்லை, விரலால் தன் வாயைக் காட்டி என்னிடம் அனுமதி கேட்டார்.

"அது தூங்குதுண்ணே. இப்பப் பேசலாம்."

அணை திறந்தது. மகாராணி கண் விழித்தபோது அவர் பழைய பேருந்துக் கதை ஒன்றில் பாதி வழியில் இருந்தார். அது மெல்லத் தலையைத் தூக்கியது.

"பாத்தீங்களா தம்பி," என்றார், "மீதிக் கதைய கேக்குது."