உப்பில்லாத ஒன்பது நாள்

சித்தப்பாவுக்குச் சோறு போடும் முன் உங்கள் அம்மா குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பதை நீங்கள் கேலி செய்கிறீர்கள். அவள் ருசிக்காக மட்டும் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன்தான் நான். ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதி வைக்கிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ராஜபாளையத்தில் நானும் என் தம்பியான உங்கள் சித்தப்பாவும் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம். அவனுக்கு மனநோய் வந்தது. நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தான். கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் லித்தியம் மாத்திரை எழுதினார்.

மாத்திரையைக் கையில் கொடுத்த நர்சம்மா லேசில் விடவில்லை.

"ரெண்டு நேரமும் சாப்பிட்ட பொறவு போடணும். ரத்தம் எடுக்க வார அன்னைக்கு மட்டும் காலை மாத்திரையப் போடாம வரணும், எடுத்த பொறவு போட்டுக்கலாம். தண்ணியும் உப்பும் கொறைக்கக் கூடாது. வாந்தி, பேதி, கைநடுக்கம் கூடுனா மாத்திரைய நிறுத்திட்டு நேரா இங்க வரணும். எங்க, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

மூன்று தடவை ஒப்பிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து நான் உங்கள் அம்மாவிடம் ஒப்பித்தேன்.

ஒரு வருடத்தில் அவன் பழைய ஆளாகிவிட்டான். அந்தச் சந்தோஷத்தில் பங்குனித் திருவிழாவில் பூக்குழி இறங்கித் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினேன். காப்புக் கட்டினால் எங்கள் வீட்டில் உப்பில்லாச் சாப்பாடு. சித்தப்பாவும் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்காக நீ உப்பில்லாமத் திங்க, நான் மட்டும் ஊறுகாய நக்கிக்கிட்டு இருக்கணுமாண்ணே?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவும் ஒரே சட்டியில் பொங்கினாள். கோயில் விஷயம் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி விஷயம் ஒரு பக்கம் என்று மனசுக்குள் பிரித்து வைத்திருந்தேன். ஒன்று மற்றொன்றைத் தொடும் என்று தோன்றவே இல்லை.

பங்குனி வெயிலில் மில்லுக்குள் சட்டை பிழிகிற மாதிரி வேர்க்கும். ஏழாம் நாள் அவனுக்குப் பேதி ஆனது. சூடு என்று நினைத்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் காலை, டீக்கடையில் கிளாஸைப் பிடித்தவன் பாதியைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டான். கால் தள்ளாடியது.

"ஏலே, அண்ணன் விரதம், தம்பி காலையிலயே போட்டுட்டு வந்து நிக்கான் பாரு!" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், நாக்குக் குழறியது. குடித்துப் பழக்கமே இல்லாதவன்.

தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பழைய நோய்தான் திரும்புகிறது, மருந்து போதவில்லை என்று நினைத்தேன். ஒன்றுக்கு இரண்டாக மாத்திரையை உள்ளங்கையில் எடுத்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுங்குனா நிறுத்தணும்னு நர்சம்மா சொன்னதா நீங்கதான சொன்னீய? இப்ப எதுக்கு ரெண்டு எடுக்கீய?"

மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டேன். அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர்.

நர்சம்மா அவனைப் படுக்க வைத்துக்கொண்டே கேட்டார்: "கடைசி மாத்திரை எப்ப போட்டாரு?"

"நேத்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பொறவு. இன்னைக்குக் கொடுக்கல சிஸ்டர்."

"அது நல்ல காரியம். சாப்பாடு என்ன?"

"உப்பில்லாச் சோறு. பூக்குழிக்குக் காப்புக் கட்டியிருக்கேன்."

"காப்பு யாருக்கு?"

"எனக்கு."

"மாத்திரை யாருக்கு?"

"தம்பிக்கு."

"அப்ப அவரு எதுக்கு உப்பில்லாமத் திங்காரு?"

டிரிப்பை மாட்டிவிட்டு அவரே பொறுமையாகச் சொன்னார். உடம்பில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் இந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்வையிலும் பேதியிலும் தண்ணீர் போனால் இன்னும் மோசம். போடுகிற அளவு அதேதான்; ரத்தத்தில் தேங்குகிற அளவு ஏறிவிடும். நோயைப் பிடித்து நிறுத்துகிற மருந்தே விஷமாகி ஆளைச் சாய்த்துவிடும். "இன்னும் ரெண்டு மாத்திரை உள்ள போயிருந்தா, இவரு இப்பம் இப்படிக் கண்ணு முழிச்சிப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டாரு."

டிரிப் பாட்டிலில் சொட்டிக்கொண்டிருந்தது உப்புத் தண்ணீர்தான். ரத்தத்தை எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். சேர்த்த மூன்றாம் நாள் அவன் யாரையும் பிடிக்காமல் நடந்தான். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, டாக்டர் அளவைக் குறைத்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்.

காப்பை அவிழ்த்துவிடவா என்று நர்சம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஒங்க விரதத்த நான் எதுக்குக் கெடுக்கேன்? வீட்டுல ரெண்டு சட்டி இல்லையா?"

இருந்தது. அன்றிலிருந்து அடுப்பில் இரண்டு சட்டி ஏறியது. உப்பில்லாததை நான் தின்றேன். எதிரே உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் வேணுமா?" என்று அவன் தினமும் கேட்டான். பூக்குழி இறங்கிய நாளில் குழிக்கு அக்கரையில் துண்டோடு நின்றதும் அவன்தான். கை நடுங்கவில்லை.

அந்த வருடத்துக்குப் பிறகு வீட்டில் யார் விரதம் இருந்தாலும் சித்தப்பாவுக்குத் தனிச் சட்டி. நானும் அம்மாவும் வெளியூர் போகிற நாளில் அவன் குழம்பில் உப்புப் பார்க்க வேண்டியது நீங்கள். உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள். கரண்டியை நக்கினால் அவனுக்குப் பிடிக்காது.