பல்பு இல்லாத சிவப்பு லைட்

பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. தர்மபுரியில் கார் எலெக்ட்ரீஷியன். வயர் இருந்தால் கரண்ட் வரும், அறுந்தால் வராது, எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். அப்படிப்பட்டவன், ஏர்பேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, வயரைக் கட் பண்ணிவிடு என்று நீங்கள் வந்து நின்றால் ஏன் முடியாது என்கிறேன்? சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் வெளியே போய்ச் சிரியுங்கள்.

எண்பதுகளில் ஏர்பேக் ஏது? ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு லைட் ஒன்று இருக்கும். பட்டறைக்கு வந்த ஒரு வாடகைக் காரில் அது சும்மாவே எரிந்தது. ஆயில் சரி, இன்ஜின் சரி, தொல்லை விட்டது என்று பல்பைக் கழற்றிப் பட்டறை டப்பாவிலேயே போட்டுவிட்டேன். அன்று மத்தியானம் என் மனைவி ஜமீலாவுக்கு வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே சேலத்துக்குக் கொண்டு போங்கள் என்றார் டாக்டரம்மா. கார் ஓனரிடம் சொல்லிவிட்டு அந்த வண்டியையே எடுத்தேன். பின்சீட்டில் ஜமீலா, பக்கத்தில் கண்ணை மூடி ஓதிக்கொண்டே என் மாமியார்.

தொப்பூர் இறக்கத்தில் மழை மேகம் கட்டி இருட்டிவிட்டது, முன்னாலும் பின்னாலும் லாரி. அப்போது அந்த லைட் எரிந்தது. பல்பே இல்லாத லைட், நம்பினால் நம்புங்கள், பளிச்சென்று எரிந்தது. பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் அங்கே துடிக்கிறாள், இது என்னை வண்டியை நிறுத்தச் சொல்கிறதா? நிறுத்த மாட்டேன், என்ன செய்துவிடுவாய் பார்க்கலாம் என்று மிதித்தேன். ஒரு வளைவில் பொறுக்க முடியாமல் டேஷ்போர்டில் ஓங்கிக் குத்தினேன்.

"அணைஞ்சு தொலை, சனியனே!"

அணைந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த வளைவுக்குள் திரும்பவும் எரிந்தது. சேலம் வரைக்கும் அதைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெளியே வந்து முதல் வேலையாக மீட்டர் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். பல்பு மாட்டுகிற இடம் காலியாகத்தான் இருந்தது.

ஏதோ லாரி வெளிச்சம் கண்ணாடியில் பட்டிருக்கும் என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், ஜமீலாவுக்குப் பேசத் தெம்பு வருகிறவரைக்கும்.

"ஏங்க, முன்னாடி ஒரு செவப்பு லைட்டு எரிஞ்சுதே, அதயே பாத்துக்கிட்டுத்தாங்க வலியப் பொறுத்துக்கிட்டேன். எறக்கத்துல நீங்க என்னமோ கத்துனீங்க, அதுவும் அணைஞ்சு போச்சுங்க."

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்பத்தாங்க வயித்துல புள்ள அசையறது நின்னு போச்சு. போயிருச்சுன்னே நெனச்சேன். லைட்டு மறுபடி எரிஞ்சதும் எட்டி ஒரு ஒத ஒதச்சுது பாருங்க, அப்பறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

பேய் என்று இப்போதும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் வந்து சொன்னாலும் சண்டைக்கு நிற்பேன். ஆனால் அது என் பேச்சைக் கேட்டு அப்படியே அணைந்து போயிருந்தால்? மகளுக்குக் கல்யாணமாகி அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால், இருட்டாக இருந்தால்தான் தூக்கம் வரும், லைட்டை அணைங்க அத்தா என்று என்னிடம் சொல்வாள். ஊருக்கெல்லாம் ஸ்விட்ச் மாட்டுகிற என் கை, அவள் இருக்கிற அறையின் ஸ்விட்ச் பக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை.