அம்மாக்கண்ணுவின் தம்பி மந்திரியான கதை

கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், முத்துலிங்கத்தை மந்திரி என்று சொல்லாத ஒரே ஆள் அவனுடைய அக்கா அம்மாக்கண்ணுதான். அவளுக்கு அவன் வெறும் லிங்கம். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கிடந்த லிங்கம்.

அவன் பெயர் எடுத்தது ஐம்பதாம் ஆண்டில். அப்போதெல்லாம் தொழிலாளி தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேச வேண்டுமென்றால், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மழை பெய்தாலும் அதுதான் இடம். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவனாக இருந்த லிங்கம் ஒரு நாள் கதவைத் திறந்து உள்ளே போய், துரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். என்ன பேசப் போனான் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. உட்கார்ந்த சேதி மட்டும் அட்டன் வரைக்கும் போயிற்று. அம்மாக்கண்ணுவும் அன்று தலை நிமிர்ந்துதான் கொழுந்தெடுத்தாள். அதை மறைப்பானேன்?

உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சங்கத்தின் அட்டன் காரியாலயத்தில் ஒரு நாற்காலி, அப்புறம் கொழும்பில் சுழல்கிற நாற்காலி. நாற்பத்தெட்டில் பிரஜாவுரிமை போய், அதன் பின்னாலேயே ஓட்டும் போன சனம் தோட்டத்துச் சனம். லிங்கத்துக்கு மட்டும் எப்படியோ பிரஜாவுரிமை கிடைத்தது. அறுபத்தைந்தில் அரசாங்கம் அவனை நியமன எம்.பி. ஆக்கி, மந்திரியாகவும் ஆக்கிவிட்டது. ஓட்டில்லாத சனத்துக்கு ஒரு மந்திரி! யாரும் ஓட்டுப் போட்டு வந்தவனில்லை. ஆகவே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. இதைவிட வசதியான உத்தியோகம் இந்தத் தீவிலேயே கிடையாது.

"ஒந் தம்பி மந்திரியாயிட்டாரு, நீ இன்னும் கூடை மாட்டிக்கிட்டுத் திரியுறியே அக்கா?" என்று கேட்டவர்களிடம், "அவன் மந்திரியானா கொழுந்து தானா வந்து கூடையில குதிக்குமா?" என்றாள் அம்மாக்கண்ணு.

அந்த வருஷமே வேலாயிக்கு ஆபத்து வந்தது. வேலாயி புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைக்காரி. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எடை குறையும்படி தராசில் கை வைத்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். துரை அவளை வேலையிலிருந்து நிறுத்தி, மாதக் கடைசிக்குள் அவள் குடியிருந்த காம்பராவையும் காலி பண்ணச் சொன்னார். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா போனால் பிள்ளைகளோடு ரோட்டில்தான் கிடக்க வேண்டும். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிட்டபோது ஒரு பெண்ணும் மலையேறவில்லை. ஏறாமல் நிறுத்தியவள் அம்மாக்கண்ணு.

கொழுந்து முற்றத் தொடங்கியதும், மந்திரியே நேரில் வந்து தீர்த்து வைப்பார் என்று சேதி வந்தது. சனம் மகிழ்ந்து போய் வலப்பனையிலிருந்து வாழைமரம் கொண்டுவந்து பெரட்டுக்களத்தில் பந்தல் போட்டது. மேளக்கார அழகன் நெருப்பு மூட்டித் தன் தப்பு மேளத்தைக் காய்ச்சினான். வேலாயி கையில் மாலை.

கார் வந்தது. தப்பு முழங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை அசைந்தது. கார் நிற்காமல் வளைவில் ஏறி பங்களாவுக்குப் போய்விட்டது.

"அக்கா, அடிக்கவா, நிப்பாட்டவா?" என்றான் அழகன்.

"நிப்பாட்டுடா. தொரை ஊட்டுல டீ குடிக்கப் போறவனுக்கு மேளம் எதுக்கு?"

"மாலைய என்னா பண்றது?" என்றாள் வேலாயி.

"கோயில்ல மாரியம்மாளுக்குப் போடு. அவ எங்கயும் ஓட மாட்டா."

சற்று நேரத்தில் மந்திரி அக்காவை மட்டும் கூப்பிடுவதாக ஆள் வந்தது. சேற்றுக் காலோடு பங்களா விறாந்தையில் போய் நின்றாள் அம்மாக்கண்ணு. துரைக்குப் பக்கத்தில் லிங்கம் உட்கார்ந்திருந்தான்.

"சொகமா இருக்கியாக்கா?"

"கீழ எறங்கியிருந்தா எல்லாரு சொகத்தையும் ஒண்ணாவே கேட்டிருக்கலாம்."

"புரோகிராம் அப்படி. இங்க பாரு, நீ சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க. மொதல்ல மலைக்கு அனுப்பு. அப்புறம் வேலாயி விசயத்த நான் பாத்துக்கிறேன்."

"அப்புறம்னா எப்ப?"

"அப்புறம்தான். தொரைக்கிட்ட வாக்குக் குடுத்திட்டேன்க்கா, என் மானம் போயிரும்."

"எங்களக் கேக்காம எங்க கைய நீ எப்புடிடா வாக்காக் குடுத்த? வேலாயி மொதல்ல ஏறட்டும். அவ பின்னாடி நாங்க ஏறுறோம்."

இவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். லிங்கம் அதை இங்கிலீசில் நெடுநேரம் சொன்னான். துரை சிரித்தார். தான் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டாள்.

மந்திரி, பந்தல் இல்லாத வேறு ரோட்டால் திரும்பிப் போனார். பெண்கள் அசையவில்லை. கொழுந்து முற்றி, தேயிலை பெக்டரியும் ஓடாமல் கிடந்த பிறகு, துரை வேலாயியைத் திரும்பக் கூப்பிட்டார். காம்பராவும் அவளுக்கே என்றாயிற்று.

அந்த வாரப் பேப்பரில் படத்தோடு செய்தி: மந்திரியின் தலையீட்டால் வேலை நிறுத்தம் முடிந்தது. அம்மாக்கண்ணு எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படித்தாள். வேலாயி பெயர் இல்லை. வேலை நிறுத்தம் செய்தவர்கள் யாரென்றும் இல்லை. அது தானாகவே வந்து, மந்திரியைக் கண்டதும் தானாகவே போய்விட்டது போலிருந்தது.

எதிர்ச் சங்கத்து இராமையா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒந் தம்பி தொரைக்கு நல்லா வாலாட்டுறான்" என்றான்.

"எலே இராமையா, அவன வையிறதுக்கு நான் இருக்கேன். நாக்குப் பூச்சி மாதிரி இருந்தவன இடுப்புல தூக்கி வளத்தவ நான். நீ யாருடா? ஒஞ் சங்கத்துல எவனாச்சும் நாற்காலியில உக்காந்திருக்கானா, நிக்கவாச்சும் செஞ்சானா?"

மேலே தேயிலை நிரையில் நின்று வேலாயி கூப்பிட்டாள்: "அக்கா, பேப்பரப் போட்டுட்டு ஏறி வாங்க. ஒங்க நிரையையும் சேத்து நான் எடுக்க முடியாது!"