மில்லிமீட்டரும் மாமாவின் முகமும்

வகுப்பில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தவன் டைரக்டர். நிஜ டைரக்டர் இல்லை, கூடப் படிக்கிற பையன்தான். இறுதியாண்டுக் குறும்படத்துக்குக் கதை எழுதி, தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்துக்கொண்ட நாளிலிருந்து எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். படத்தோடு ஒரு போஸ்டரும், சினிமாப் பத்திரிகை ஒன்று அந்தப் படத்தைக் கொண்டாடினால் அதன் அட்டை எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி அட்டையும் செய்து கொடுக்க வேண்டும் என்பது பாடத்தின் விதி. அந்த இரண்டும் இவள் தலையில் விழுந்தன.

தலைப்பை ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளுவாள். எழுந்து போய் வாசற்படியில் நின்று பார்ப்பாள். திரும்பி வந்து அதில் பாதியை மறுபடி வலப்பக்கம் கொண்டுவருவாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அவள் முடித்த பிறகு பார்த்தால், அதற்கு முன் அந்த எழுத்து எவ்வளவு கோணலாக நின்றுகொண்டிருந்தது என்று நமக்கே உறைக்கும். அப்படி ஒரு கண் அவளுக்கு. எனக்குப் பொறாமைதான், அதை மறைப்பானேன்.

வீட்டில் அம்மா தையல்காரி. முன்னறையில் பாதியைத் துணி வெட்டும் மேசை அடைத்துக்கொண்டது, அதன் ஓரத்தில் கத்தரிக்கோலுக்கும் ஊசி டப்பாவுக்கும் நடுவே இவளுடைய கம்ப்யூட்டர். "நீ அந்த ஒரு எழுத்த நகத்தறதுக்குள்ள நான் ஒரு சட்டைக்குக் காலர் வெச்சு முடிச்சிடறேன்" என்பாள் அம்மா. சொல்லிவிட்டுத் தைத்த காலரைப் பிரித்து மறுபடி தைப்பாள். யாரைப் பார்த்து யார் கெட்டார்கள் என்று தெரியாது.

படத்தின் கதை இதுதான்: லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தானே பழுது பார்த்த லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். நடித்தவர் இவளுடைய மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவர் அசல் லிஃப்ட் மெக்கானிக். கல்லூரி லிஃப்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். நடிகரும் ஆச்சு, லிஃப்டும் ஆச்சு என்று டைரக்டருக்கு வாயெல்லாம் பல்.

மாமாவை யாரும் அழகன் என்று சொன்னதில்லை. நீண்ட முகம், ஒட்டிய கன்னம், ஒரு புருவம் மற்றதைவிட மேலே ஏறி நிற்கும். தன் கல்யாண ஃபோட்டோவிலேயே கண்ணை மூடிக்கொண்டவர். படத்தில் லிஃப்ட் கண்காணிப்பு அறையில் இருக்கும் பெண்ணாக நடித்தவள் பளிச்சென்று இருப்பாள். அவளைத்தான் அட்டையில் போட வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றான்.

"அட்டைன்னா ஒரு அழகு வேணாமா?"

"அழகுதான் வேணும்னா ஒரு பூ படம் போட்டுக்க. போறவங்கள நிக்க வைக்கிற மூஞ்சி இதுதான்" என்றாள் மில்லிமீட்டர்.

மாமாவின் முகத்தை அட்டை முழுக்கப் போட்டாள். ஒரு சுருக்கத்தைக்கூட அழிக்கவில்லை. மேலே இட்டுக்கட்டிய ஒரு பத்திரிகைப் பெயர், விலை, மாதம், 'யார் இந்தப் புதுமுகம்?' என்று ஓரத்தில் ஒரு வரி. எல்லாம் கச்சிதம். ஆனாலும் ஏதோ குறைந்தது. பார்கோடு இல்லாத பத்திரிகை உண்டா? எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டியருகே பாத்திரம் கழுவும் சோப்பு இருந்தது, அதன் உறையில் இருந்த கறுப்புக் கோடுகளை அப்படியே படமெடுத்து அட்டையின் மூலையில் பொருத்தினாள். அவ்வளவுதான், அட்டைக்கு உயிர் வந்துவிட்டது. பளபளப்பான தாளில் அச்சடித்து மேசையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

அவள் இல்லாத நேரத்தில் மாமா வந்தார். மேசையில் தன் முகத்தைப் பார்த்தார். "என்னக்கா இது?" என்று கேட்டார். "தெரியலடா, ஏதோ பத்திரிகைல வந்திருக்கே போல" என்றாள் அம்மா, வாயில் குண்டூசியோடு. அவள் பொய் சொல்லவில்லை, அவளும் அப்படித்தான் நினைத்தாள். மாமா அட்டையைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மில்லிமீட்டர் திரும்பி வந்து இதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவையே ஏமாற்றிய அட்டை என்று ஒரு பெருமை வேறு. மாமாவிடம் நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அதற்குள் காரியம் கெட்டது.

மாமா அட்டையைக் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டியிருக்கிறார். எல்லாரும் ஆளுக்கொரு பத்திரிகை வாங்கலாம் என்று சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்துக் கடைக்குக் கும்பலாகப் போயிருக்கிறார்கள். அடுக்கில் அப்படி ஒரு பத்திரிகை இல்லை. கல்லாவில் இருந்த பெண் உதவி செய்கிற எண்ணத்தில் அட்டையை வாங்கி, மூலையிலிருந்த பார்கோடைக் கருவியில் காட்டினாள். கருவி சந்தோஷமாகச் சத்தம் போட்டது. திரையில் எழுத்து வந்தது: பாத்திரம் கழுவும் சோப்பு, எலுமிச்சை மணம்.

அன்றிலிருந்து மாமாவுக்குப் பட்டறையில் பெயர் சோப்பு.

அவர் ஃபோனை எடுக்கவில்லை. படம் திரையிடும் நாளுக்கு வரமாட்டேன் என்று அக்காவிடம் மட்டும் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு டைரக்டர் பதறினான். "ஏதாவது சொல்லிச் சமாளி. அச்சுல தப்பாயிடுச்சு, அடுத்த மாசம் வரும்னு சொல்லு" என்றான். மில்லிமீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மனிதரிடம் இன்னொரு பொய்யா? நேராகப் பட்டறைக்குப் போனாள்.

தரைக்குக் கீழே இருந்த பட்டறை அது. பிரித்துப் போட்ட மோட்டார்கள், சுருட்டி வைத்த இரும்புக் கயிறு, கிரீஸ் வாடை. நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அது நிஜப் பத்திரிகை இல்ல. பாடத்துக்காக நான் செஞ்சது. அந்த பார்கோட சோப்பு உறைலேருந்து எடுத்தது நான்தான். மாமாவுக்கு எதுவும் தெரியாது." ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் டீ சொல்லப் போனார்.

மாமா கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இவனுங்க கிண்டல் பண்றது பெரிசில்லம்மா. ரெண்டு வாரத்துல வேற எவனாவது மாட்டுவான்."

"அப்போ ஏன் மாமா வரமாட்டேங்கறீங்க?"

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எங்கயோ ஒரு ஆபீஸ்ல, எனக்குத் தெரியாத எவனோ ஒருத்தன், என் மூஞ்சியப் பாத்து இது நல்லாருக்கு, அட்டைல போடுன்னு சொல்லியிருக்கான்னு நினைச்சேன். இப்பப் பாத்தா அது நீ. நீ என் அக்கா பொண்ணு. நீ நல்லாருக்குன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவே?"

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே நாலு நல்ல வார்த்தை அள்ளிவிட்டிருப்பார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்குப் பட்டது, நியாயத்துக்கு எதிராக வாயாடும் வழக்கம் அவளுக்கு இல்லை. இந்தப் பெண்ணை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். "என்ன, இன்னிக்கு எதையும் நகத்தலையா?" என்று அம்மா கேட்டாள். அவள் யோசனை வேறெங்கோ ஓடியது. மாமாவைத் தெரியாத ஆட்கள், அவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டிய ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் எது? ஜனங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எங்கே நிற்கிறார்கள்? கேள்வியை இப்படிப் போட்டதும் விடை தானாக வந்தது. லிஃப்டுக்காகத்தான் நிற்கிறார்கள்.

ஏற்கெனவே முடித்திருந்த போஸ்டரைத் தூக்கிப் போட்டாள். அதில் டைரக்டர் பெயர் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது, இதைக் கேட்டு அவன் புலம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். புது போஸ்டர் இரண்டு துண்டு. கல்லூரி லிஃப்டின் இரண்டு கதவுகளிலும் பாதிப் பாதி முகம். கதவு திறந்தால் முகம் இரண்டாகப் பிரியும், மூடினால் ஒன்றாகச் சேரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கதவுகள் சந்திக்கும் இடத்தில் ரப்பர் விளிம்பு இருக்கிறது, அந்த அகலத்தை விட்டு வெட்டாவிட்டால் மூக்கு தடித்துப்போகும், அதிகம் வெட்டினால் மூக்கே காணாமல் போகும். வெட்டினாள், பொருத்தினாள், கிழித்தாள், மறுபடி அச்சடித்தாள். அந்த நாட்களில் அவளிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கல்லூரி அலுவலகம் சரி என்றது. மாமாவுக்கு வேறொரு எண்ணிலிருந்து ஃபோன் செய்தாள்.

"மாமா, லிஃப்ட் கதவுல போஸ்டர் ஒட்டறோம். கதவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"காகிதம் பிஞ்சு தடத்துல விழுந்தா கதவு நின்னுடும். யார் ஒட்டச் சொன்னது? நான் வந்து பாக்கணும்."

"வாங்க."

"படம் பாக்க வரல. கதவு பாக்க வரேன்."

"கதவு பாக்கவே வாங்க மாமா."

திரையிடும் நாளன்று வேறு கல்லூரிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மாமா வேலைச் சட்டையில், கையில் கருவிப் பையோடு வந்தார். லிஃப்ட் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது. லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, முகம் பிரிந்தது. ஒருவரும் ஏறவில்லை. கதவு மூடியது. நீண்ட முகமும் ஏறிய புருவமும் ஒரு மயிரிழை பிசகாமல் ஒன்றாகச் சேர்ந்தன.

"யாருடி இது? என்ன ஒரு மூஞ்சி" என்றாள் நடுவயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் நின்றவளிடம். "பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு." சொல்லிவிட்டுக் கையை நீட்டி மறுபடி பட்டனை அழுத்தினாள்.

டைரக்டர் ஓடி வந்தான். இவர்தான் அவர் என்று கத்த வாயைத் திறந்துவிட்டான். மில்லிமீட்டர் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சொல்ல வேண்டும் என்று அவளுக்கும்தான் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா அவள் பக்கம் குனிந்தார். "இவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல மாமா."

"நிஜமா?"

"நிஜமா யாருன்னே தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். வந்த வேலை நினைவு வந்தவர் போலக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், கதவின் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தபடி நின்றார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள் அந்தப் பெண். "அவர் மூஞ்சிய மறைக்கிறீங்க."