மிஷின் ஒரு பக்கம் சாய்ந்தபோது

பிரிஞ்சாங் மலையூருக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலை வெட்டும் மிஷினை ஆளுக்கொரு பக்கமாக நானும் என் கணவரும் பிடிப்போம். ஒரு காலை திடீரென்று, "மண்டை வெடிக்குதுடி, தலையும் சுத்துது" என்றார்.

"பெட்ரோல் புகைதான்லா. இந்த வரிசைய முடிச்சிட்டுப் போலாம்" என்று நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன்.

நாலடி நடப்பதற்குள் மிஷின் அவர் பக்கம் சாய்ந்தது. "நேராப் புடிங்க!" என்று கத்தினேன். அவருடைய இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வந்தவருக்கு நாக்கு குழறியது.

கொழுந்து ஏற்றும் லோரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். மூளையில் ரத்தக்கசிவு. "திடீர்னு இப்படி வலிச்சா தைலம் தேய்ச்சிட்டு இருக்காதீங்க, உடனே வாங்க" என்றார் டாக்டர்.

பிழைத்துவிட்டார். இப்போது மறுபக்கம் பிடிப்பது என் தங்கை. மிஷின் கொஞ்சம் சாய்ந்தாலும் நான் கத்துவதில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு, முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.