கதவுக்கு முன்னால் எள்

ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். பாரிஸில் நான் வேலை செய்யும் படகு, ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். அது பழைய காலத்துக் கால்வாய். இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை அடைத்து, தண்ணீரை வடியவிட்டு, படிப்படியாகக் கீழே இறக்குவார்கள். அந்தத் தொட்டிக்கு எக்ளூஸ் என்று பெயர். அதைப் பார்க்கக் காசு கொடுத்து ஆட்கள் வருகிறார்கள். எனக்குக் கயிறு பிடிக்கும் வேலை.

அப்பாவின் கருமாதியன்றும் கயிறுதான் பிடித்தேன். விசா இல்லாதவன் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. எங்கள் ஊரான தெஹியோவிட்டத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய அப்பாவும் பிரஜாவுரிமை இல்லாமலே பாதி ஆயுளைக் கழித்தவர்தான். காகிதமில்லாமல் வாழ்வது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல.

"நீங்கதானேண்ணே மூத்தவங்க. இங்க நான் ஆத்துல எள்ளுத்தண்ணி விடுறேன். அங்க நீங்களும் உச்சிக்கு முன்னால ஓடுற தண்ணியில விட்டுருங்க" என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். ஆற்றுக்குப் போக லீவு கேட்டேன், முதலாளி தரவில்லை. கால்வாயோ குளம் மாதிரி கிடந்தது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கும் அப்பா, இழுப்பு உள்ள இடமாகப் பார்த்துத்தான் குளிப்பார். "நின்ன தண்ணி ஆகாதுடா" என்பார்.

எக்ளூஸில் மேல்கதவு மூடியது. கீழ்க்கதவின் மதகைத் தூக்கினார்கள். அடைபட்ட தண்ணீர் அடுத்த தொட்டிக்குள் சுழித்துக்கொண்டு ஓடியது. இதைவிட்டால் வேறு ஓட்டம் இல்லை. சட்டைப்பையிலிருந்த எள்ளை உள்ளங்கையில் கொட்டி, போத்தல் தண்ணீரை ஊற்றி, அப்பா பெயரைச் சொல்லி அந்த ஓட்டத்தில் விட்டேன்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி "கனார்?" என்று சிரித்தாள். வாத்துக்கா என்று கேட்கிறாள். விளக்கிச் சொல்ல என் பிரெஞ்சு போதாது, தலையாட்டினேன். அவள் தன் ரொட்டியைப் பிய்த்து, எள் விழுந்த இடத்திலேயே போட்டாள். பிண்டம் வைக்க ஆளில்லாத ஊரில் யாரோ ஒருத்தி வைக்கிறாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

தண்ணீர் சமமாகி ஓட்டம் நின்றது. கதவைத் திறந்து படகை அடுத்த தொட்டிக்குள் விட்டார்கள். அதன் கோடிக் கதவு மூடியிருந்தது. அங்கே அந்த ரொட்டித் துண்டும், ஓரத்தில் கொஞ்சம் எள்ளும் மிதந்தன.

சாயங்காலம் தம்பி கேட்டான்: "ஓடுற தண்ணிதானேண்ணே?"

"ஓடுச்சுடா" என்றேன். அடுத்த கதவு மூடிக் கிடந்ததையும், அதன் முன்னால் எள்ளும் நானும் காத்து நின்றதையும் சொல்லவில்லை.