பொசுக்கு டாக்டர்

வலது கால் ஷூவை மேஜைக்கடியில் உதறிவிட்டு, கட்டைவிரலால் மிதிக்கட்டையைத் துழாவிக்கொண்டிருக்கிறார் டாக்டர். கையில் பேனா போல ஒரு கருவி, அதன் முனையில் மெல்லிய ஊசி. மிதித்தால் ஊசிக்கு மின்சாரம் வரும். ஷூ போட்ட காலுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது என்பது அவர் கட்சி. "கை பண்ற தப்பைக் காலாவது தடுக்கணும்ல?" என்பார். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்ப்பதை நர்ஸ் கண்ணாலேயே சுட்டிக்காட்டுவாள். "காத்தோட்டம்மா, காத்தோட்டம்."

மரு எரிப்பது அவர் வேலை. கழுத்தில் தொங்கும் பாலுண்ணி, இமையோரத்துக் குட்டிக் கட்டி, கன்னத்தில் மிளகு ஒட்டினாற்போல் ஒரு மேடு. உயிரை ஒன்றும் செய்யாதவை. கண்ணாடி முன்னால் மட்டும் ஆளை வதைப்பவை. மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு மின்சாரம். 'ச்ச்' என்று ஒரு சத்தம். இருந்தது கருகிப் பொருக்காகிவிடும்; பஞ்சால் துடைத்தால் ஆயிற்று. அறையில் முடி பொசுங்கிய நாற்றம் மட்டும் சாயங்காலம் வரை நிற்கும். பொசுக்கு டாக்டர் என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தது ஊரார் அல்ல, அவரேதான்.

"ஷாக் அடிக்குமா டாக்டர்?"

"அடிச்சா முதல்ல எனக்குத்தான் அடிக்கும். பயப்படாதீங்க, என்னைத் தூக்க நர்ஸ் இருக்காங்க."

கூடப் படித்தவர்களில் ஒருவர் இதயத்தைத் திறக்கிறார், இன்னொருவர் மூளையைத் தொடுகிறார். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் கையெடுத்துக் கும்பிடுவார். "ஆம்புலன்ஸ்ல சைரன் போட்டுக்கிட்டு எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு மருகூட வந்ததில்லப்பா."

ஒரே ஒரு விஷயத்தில் விளையாட்டு கிடையாது. எரித்தது கரி. கரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நீ நல்லதா கெட்டதா என்று கேட்க முடியாது. புற்றோ என்று துளிச் சந்தேகம் இருந்தாலும் மிதிக்கட்டை பக்கமே கால் போகக்கூடாது. வெட்டியெடுத்து அனுப்ப வேண்டும். தொழில் பழக வருகிறவர்களுக்கு இதை ஒரு கதையாகச் சொல்வார்: "ஒரு மடையன் டாக்டர் இருந்தான். சொந்தக்காரங்கதானேன்னு அவசரத்துல எரிச்சுப்புட்டான். சாட்சியைக் கொளுத்திட்டு விசாரணைக்கு உக்காந்தான்." எல்லோரும் சிரிப்பார்கள். நர்ஸ் சிரிக்கமாட்டாள். அன்று பஞ்சு எடுத்துக் கொடுத்தவள் அவள்.

மடையன் அவர்தான். சொந்தக்காரி, அவருக்கு மூன்று வயது மூத்த அக்கா. ஐந்து மாதத்துக்கு முன் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நுழைந்து, "தோள்பைப் பட்டை உரசி உசிரை வாங்குதுடா, அஞ்சு நிமிஷத்துல எடுத்து விடு" என்று தோளைக் காட்டினாள். வயதானால் வரும் சாதாரணப் பழுப்பு மரு. அப்படித்தான் நினைத்தார். பூதக்கண்ணாடி பக்கத்து அறையில் இருந்தது. எழுந்து போகச் சோம்பல். மிதித்த பிறகுதான் அதன் அடியோரத்தில் நீலங்கறுத்த ஒரு புள்ளி கண்ணில் பட்டது. பட்ட நொடியில் அதுவும் கரி.

அன்று முதல் ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டில் ஆஜர். பேச்சுவாக்கில் பின்னால் போய் நிற்பார். "என் தோள்ல என்னடா, சினிமாவா ஓடுது?" என்பாள் அவள். "தழும்பு அழகா ஆறியிருக்கான்னு பார்த்தேங்க்கா. கைவேலையாச்சே." சிரிப்பார்.

போன மாதம் தழும்பின் விளிம்பில் கடுகளவு கறுப்பு முளைத்திருந்தது. மறுநாளே அக்காவை வரவழைத்தார். நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டார்.

"அக்கா, அன்னிக்கு நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன, டீ குடுக்காம அனுப்பிட்டியே, அதுவா?"

"சோதிக்காம எரிச்சுட்டேன். அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது."

"நாலு மாசமாவா தெரியாது?"

"நாலு மாசமா."

அக்கா பைப் பட்டையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அப்ப ஞாயித்துக்கிழமையானா ஓடி ஓடி வந்தது இதுக்குத்தானா? நான் பாசம்னு நெனச்சேன்."

"பாசமும்தாங்க்கா. பயம் முக்காவாசி."

திரும்பி உட்கார்ந்து தோளைக் காட்டினாள். இந்த முறை இயந்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கத்தியால் சுற்றி வெட்டியெடுத்துச் சீசாவில் போட்டார். மூன்று தையல். தையல் நேராக வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு ஜோக்கூட அடிக்கவில்லை. முடிவு வர ஒன்பது நாள். "ஷாக் அடிக்குமா?" என்று கேட்டவர்களுக்கு அந்த ஒன்பது நாளும் "அடிக்காது" என்று ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது.

பத்தாம் நாள் அக்கா வந்து உட்கார்ந்தாள். மேஜைமேல் உறை. அவர் பிரிக்கவில்லை; அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே பிரிச்சுப் பாருக்கா. ஒளிச்சு வெச்சது போதும்."

அவள் பிரித்தாள். காகிதம் முழுக்க வாயில் நுழையாத வார்த்தைகள். மேலிருந்து கீழே பார்த்தாள், மறுபடி மேலே போனாள். "இதுல எதுடா என் தலையெழுத்து?"

அவர் எட்டிப் பார்த்தார். விரல் இறங்கிக் கடைசி வரியில் நின்றது. இரண்டு முறை படித்தார். பிறகு சொன்னார்: "வெறும் மருதாங்க்கா. ஒண்ணுமில்ல."

அக்கா காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். எழுந்தாள். கதவு திறந்திருந்தது, வெளியே ஆறேழு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். மேஜைக்குக் குறுக்கே எட்டி, ஐம்பத்திரண்டு வயது டாக்டரின் வழுக்கையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

அவர் தலையைத் தடவவில்லை. இன்னொன்றுக்கு வாகாக, குனிந்தபடியே நின்றார்.